அழித்தாலும் அடையாளம் இருக்கட்டும்

கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவந்துள்ளது என்று அறிந்தவுடன் நம் வணிகர்களுள் பெரும்பாலோர் கேட்பது, "இதனால் வேலை குறையுமா?" என்பதே. நியாயமான கேள்விதான். ஆயினும் அதனுடன் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "இதனால் என் கணக்கைப் பிறர் நம்புவார்களா?" கடன் வழங்கும் மேசையின் மறுபுறம் அமர்ந்திருப்பவன் என்ற முறையில், இரண்டாவது கேள்வியே வணிகருக்கு அதிகப் பயன் தருவது என்பது என் கருத்து.

சித்தூர் வெல்ல மண்டியானாலும், திருப்பதியின் விடுதிகளும் பாத்திரக் கடைகளும் ஆனாலும், கணக்கு என்றாலே டேலி என்று சொல்லும் அளவுக்கு அம்மென்பொருள் பரவியுள்ளது. 1986-இல் பெங்களூரில் சியாம் சுந்தர் கோயங்கா தம் தொழிலின் கணக்குத் தேவைக்காக மகன் பரத் கோயங்காவைக் கொண்டு உருவாக்கிய மென்பொருள் அது. 2020-இல் டேலி பிரைம் என்ற புதிய வடிவம் பெற்ற பின்னர், அடுத்தடுத்த பதிப்புகளில் பல வசதிகள் சேர்ந்துள்ளன. பட்டியலை வாட்ஸ்அப் வழியே அனுப்பலாம். ஜிஎஸ்டி தளத்துடன் நேரடியாக இணையலாம். 2025-இல் வந்த பதிப்பில் சில வங்கிகளின் கணக்குகளை மென்பொருளுக்குள்ளிருந்தே காணலாம். யுபிஐ வழியே நாள்தோறும் நூற்றுக்கணக்கான சிறு தொகைகளைப் பெறும் திருப்பதிக் கடைக்காரருக்கு, வங்கிக் கணக்கையும் தம் பேரேட்டையும் ஒப்பிடும் வசதி பெரும் உதவியே.

எனினும், இவை அனைத்தினும் முக்கியமானதாக நான் கருதுவது, விளம்பரத்தில் அதிகம் பேசப்படாத 'எடிட் லாக்' எனும் திருத்தப் பதிவேடுதான்.

சித்திரைப் பிறப்பில் மஞ்சளும் குங்குமமும் இட்டுப் புதுக்கணக்குத் தொடங்கிய காலத்தில், மையால் எழுதிய தொகையை மாற்ற வேண்டுமானால் அதைக் கோடிட்டு அடித்துப் பக்கத்தில் எழுத வேண்டும். அடித்தல் கண்ணுக்குத் தெரியும், காரணம் கேட்கலாம். கணினி வந்தபோது அந்த அடையாளம் மறைந்தது. ரூ.1,80,000 என்று பதிந்த பட்டியலை ஆறு மாதம் கழித்து ரூ.1,60,000 என்று மாற்றினாலும், முதலிலேயே அவ்வாறு எழுதியதுபோல் அது தூய்மையாகத் தோன்றியது. திருத்தப் பதிவேடு அந்தப் பழைய அடித்தலை மீட்டுத் தருகிறது. ஒவ்வொரு பதிவையும் யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு எழுதினார், மாற்றினார், நீக்கினார் என்பதும், முன்பிருந்த தொகை என்ன என்பதும் அதில் நிற்கும்.

நிறுவனங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற கம்பெனிகள் கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தினால், நிறுத்தவே இயலாத திருத்தப் பதிவேடு அதில் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தனி உரிமையாளர் கடைகளுக்கும் கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் இவ்விதி பொருந்தாது. "கட்டாயம் இல்லையே, நமக்கேன்?" என்று அவர்கள் எண்ணுவது இயல்பு. அவர்களும் இதனை விரும்பி ஏற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

காரணம் கடன் கணக்கில் இருக்கிறது. சிறு தொழில்களுக்கு ரூ.5 கோடி வரையிலான நடைமுறை மூலதனக் கடன் வரம்பை, எதிர்பார்க்கப்படும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 விழுக்காடு என்று கணக்கிடுவது நாயக் குழு வகுத்த முறை. உண்மையில் ரூ.1 கோடிக்கு விற்பவர் ஏட்டில் ரூ.60 லட்சம் மட்டுமே காட்டினால், ரூ.20 லட்சம் பெறத் தகுந்தவர் ரூ.12 லட்சத்துடன் நிற்பார். எஞ்சிய ரூ.8 லட்சத்துக்கு அவர் வெளியில் வட்டிக்கு வாங்குவார். மேலும், சிறு தொழில்களை அவற்றின் மின்னணுத் தடங்களைக் கொண்டு மதிப்பிடும் முறையைப் பொதுத்துறை வங்கிகள் உருவாக்கும் என 2024 ஜூலை மத்திய பட்ஜெட் அறிவித்தது. 2025 மார்ச்சில் அது தொடங்கிவைக்கப்பட்டது. ஜிஎஸ்டி படிவம், வங்கி வரவு, பேரேடு ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டிய காலம் இது. அடமானம் வைக்க நிலமோ நகையோ இல்லாதவருக்கு நம்பத்தக்க கணக்கே சொத்து.

இதில் வங்கியின் நலன் மட்டும் அடங்கியிருக்கவில்லை. 2025-இல் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை சரிந்தபோது, விவசாயிக்குக் கிலோவுக்கு ரூ.12 கிடைக்கும் வகையில், கூழ் ஆலைகள் ரூ.8-உம் மாநில அரசு மானியமாக ரூ.4-உம் தருவதென ஆந்திர அரசு அறிவித்தது. இத்தகைய ஏற்பாடு முழுவதும், எந்த விவசாயி எந்த நாளில் எத்தனை கிலோ இறக்கினார் என்ற பதிவை நம்பியே நிற்கிறது. 10 டன் என எழுதியது பின்னர் 8 டன் ஆகிவிட்டால், அவ்விலையில் ஒரு குடும்பத்துக்கு ரூ.24,000 இழப்பு. பிழையைத் திருத்தினார்களா, பிழையாகத் திருத்தினார்களா என்பதைத் திருத்தப் பதிவேடு இல்லாமல் அறிய இயலாது.

"பதிவு இருந்தால் கேள்வியும் வருமே" என்று அஞ்சுவோர் உண்டு. வரத்தான் செய்யும், ஆனால் பதிலும் அதிலேயே இருக்கும். தட்டச்சுப் பிழையை மறுநாளே திருத்திய நேர்மையான வணிகருக்கு அது சாட்சி. கணக்கரின் கவனக்குறைவையோ ஊழியரின் கையாடலையோ முதலாளி முதலில் அறிவதும் அதன் வழியேதான்.

அதன் எல்லைகளையும் சொல்லிவிடுவது நேர்மை. எழுதப்படாத விற்பனையை எந்த மென்பொருளும் காட்டாது. கடையில் நால்வரும் ஒரே பெயரையும் கடவுச்சொல்லையும் பயன்படுத்தினால், 'யார்' என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் வேண்டும். டேலி பிரைமின் சாதாரண வடிவில் இவ்வசதியை விரும்பினால் இயக்கலாம், நிறுத்தலாம். எடிட் லாக் எனத் தனியே வரும் வடிவில் நிறுத்த முடியாது. எது தேவை என்பதை உங்கள் தணிக்கையாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

புதிய பதிப்புக்கு மாறும் காலத்தையும் ஆராய்ந்து தேர்ந்தெடுங்கள். மாம்பழப் பருவத்தின் ஜூன் மாதத்தில் சித்தூரிலும், புரட்டாசிக் கூட்டத்தின் நடுவே திருப்பதியிலும், ஆண்டு முடிவான மார்ச்சில் எங்கும் இதனைச் செய்ய வேண்டா. முதலில் தரவின் நகலை வேறொரு சாதனத்தில் சேமியுங்கள். அந்நகலில் புதிய பதிப்பை ஓட்டிப் பார்த்து, இருப்புத் தொகைகள் பழைய பதிப்புடன் ஒத்துள்ளனவா எனச் சரிபாருங்கள். உரிமமற்ற படிகளை நம்பி ஆண்டுக் கணக்கின் உழைப்பைப் பணயம் வைக்காதீர்கள்.

மாறிய பின், மாதம் ஒருமுறை அரைமணி நேரம் ஒதுக்கித் திருத்தப் பதிவேட்டை உரிமையாளரே படிக்க வேண்டும். கணக்கர் எழுதலாம், கணக்குக்குப் பொறுப்பு உரிமையாளருடையது.