மாத்திரை கேட்காத மனச்சோர்வு



"மாத்திரை மாத்தி மாத்திக் கொடுத்துப் பார்த்தாச்சு. ஒண்ணும் கேக்கலை."

சர்க்கரைக்கோ பிரஷருக்கோ இப்படிச் சொன்னால், அடுத்து எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று வீட்டில் பேச்சு ஆரம்பமாகும். டிப்ரெஷனுக்குச் சொன்னால்? "அவளா மனசு வச்சாத்தான் உண்டு" என்று பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

சொந்த வீடு, தங்கமான புருஷன், நன்றாகப் படிக்கிற பிள்ளைகள், இவளுக்கு என்ன குறைச்சல் என்று உறவுகள் கேட்பார்கள். ஆண் என்றால் இன்னும் மோசம், 'சோம்பேறி' என்ற பட்டம் தயாராக இருக்கும். மருந்து வேலை செய்யாத பழி கடைசியில் அதைச் சாப்பிட்டவர் தலையில்தான் வந்து விழுகிறது. இது என்ன நியாயம்?

அமெரிக்காவில் சுமார் 4,000 மனச்சோர்வு நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2006இல் முடிவுகள் வந்தன. முதல் மருந்திலேயே முழுமையாகத் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். மருந்தை மாற்றி, இன்னொன்றைச் சேர்த்து, நான்கு கட்டம் வரை போன பிறகும் மூன்றில் ஒரு பங்கினர் தேறவில்லை என்றார்கள். அந்தக் கணக்கை அண்மையில் திரும்ப அலசியவர்கள், தேறாதவர்கள் அதைவிட அதிகம் என்கிறார்கள். ஆக, இது உங்கள் மகளின் பிடிவாதமோ உங்கள் தம்பியின் பலவீனமோ அல்ல. இந்த நோயே அப்படி.

மருந்து கேட்காதவர்களுக்கான ஒரு சிகிச்சையைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தேன். டிரான்ஸ்கிரேனியல் மேக்னடிக் ஸ்டிமுலேஷன் என்பது முழுப்பெயர். டாக்டர்கள் டி.எம்.எஸ். என்பார்கள். தலைக்கு வெளியே இருந்தபடி காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டுவது.

கேட்டதும் ஏதோ மாயாஜாலம் மாதிரி இருக்கிறதா? உங்கள் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் மாறி மாறிப் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலம், தொடாமலே பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த சங்கதி. டி.எம்.எஸ். கருவியிலும் அதே கம்பிச்சுருள்தான். தலைமேல் அதை வைத்தால், காந்தத் துடிப்பு மண்டையோட்டைக் கடந்து சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் நரம்பணுக்களை உசுப்பிவிடுகிறது. (மூளை வெந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், வேகாது!)

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் சகாக்களும் 1985இல் இதை மனிதர்களிடம் செய்து காட்டினார்கள். அப்போது அது நரம்புப் பாதைகளைச் சோதிக்கும் கருவி, அவ்வளவுதான். மனச்சோர்வுக்குப் பயன்படும் என்று தெரிந்தது பிறகு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் இதற்கு அனுமதி கொடுத்தது. இங்கிலாந்தும் 2015இல் இதை ஏற்றுக்கொண்டது.

முதல் நாள் என்ன நடக்கும்? பல் டாக்டரிடம் இருப்பது போன்ற ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள், மெஷின் 'டக் டக்' என்று சத்தம் போடும் என்பதால். கம்பிச்சுருளைத் தலையின் இடப்பக்கம், கையை அசைக்கும் பகுதிக்கு மேலே வைத்து ஒரு துடிப்பு. நீங்கள் ஒன்றுமே செய்யாமல் வலது கைக் கட்டைவிரல் வெடுக்கென்று துள்ளும்! சிலருக்குச் சிரிப்புகூட வந்துவிடும். எவ்வளவு சக்தியில் விரல் துள்ளுகிறது என்று பார்த்துத்தான் அவரவருக்கான அளவை முடிவு செய்கிறார்கள். அப்புறம் சுருளைச் சில சென்டிமீட்டர் முன்னே, நெற்றிப் பக்கம் நகர்த்துவார்கள். மனநிலையோடு தொடர்புள்ள நரம்பு வலைப்பின்னலுக்கு அந்த இடம்தான் வாசல்.

வழக்கமான முறையில் ஒரு தடவைக்கு 3,000 துடிப்புகள், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மயக்க ஊசி கிடையாது. முடிந்ததும் தலையை வாரிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம்.

'ஷாக் ட்ரீட்மென்ட்' வேறு, இது வேறு. அதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஈ.சி.டி. எனப்படும் அந்த மின்சிகிச்சையை நம் சினிமாக்காரர்கள் சித்திரவதையாகவே காட்டிப் பழக்கிவிட்டார்கள். இன்று மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் அதைச் செய்வதை நம் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமே தடை செய்கிறது. சாப்பாடு தண்ணீர் இறங்காமல், உயிருக்கே ஆபத்தான நிலையில் இருப்பவருக்கு இன்றும் ஈ.சி.டி.தான் வலுவான சிகிச்சை. டாக்டர் அதைச் சொன்னால், "ஐயோ, காந்தம் வைங்க டாக்டர்" என்று நாமாகப் பேரம் பேசக் கூடாது.

சரி, டி.எம்.எஸ். எவ்வளவு தூரம் பலன் தரும்? ஓரளவு. இதைவிடக் கவர்ச்சியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 190 பேர். ஒரு பிரிவினருக்கு நிஜச் சிகிச்சை, இன்னொரு பிரிவினருக்குச் சத்தமும் உறுத்தலும் மட்டுமே உள்ள போலிச் சிகிச்சை. முழுமையாகத் தேறியவர்கள் நிஜத்தில் 14 சதவீதம், போலியில் 5 சதவீதம். 14 என்பது சின்ன எண்தான். ஆனால் போலியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

அதற்குப் பிறகு முறைகள் மேம்பட்டிருக்கின்றன. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் தலைமையில் 255 பேரிடம் இரண்டு வகை டி.எம்.எஸ்.ஸை ஒப்பிட்டுப் பார்த்து 2024இல் வெளியிட்டார்கள். சுமார் மூன்றில் ஒருவருக்கு நோயின் கடுமை பாதியாகக் குறைந்தது, ஐந்தில் ஒருவர் முழுமையாகத் தேறினார். பல மருந்துகள் பார்த்துச் சலித்துப்போனவர்கள் இவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த ஐந்தில் ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால்?

பக்கவிளைவு பெரிதாக இல்லை. தலைவலி, சுருள் பட்ட இடத்தில் வலி, அதுவும் முதல் சில நாட்கள். வலிப்பு வருவது மிக அபூர்வம். ஆனால் ஏற்கெனவே வலிப்பு இருந்தால், தலைக்குள் உலோக கிளிப்போ காது கேட்பதற்கான காக்ளியர் கருவியோ பொருத்தியிருந்தால், உடம்பில் பேஸ்மேக்கர் இருந்தால், முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காந்தத்தை விடுங்கள். ஒரு குடும்பத்துக்கு இதில் உண்மையான சோதனை அட்டவணைதான். வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். குளிக்கவே எழுந்துகொள்ள முடியாத ஒருவரைத் தினம் எழுப்பி, கிளப்பி, கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். பலன் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் எட்டிப்பார்க்கும். அதுவரை "போய் என்ன ஆகப்போகுது" என்று அவரே சொல்வார். நோய் பேசுகிறது, வாதாடாமல் ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

கூடப் போவது யார்? கணவருக்கு லீவு கிடைக்குமா? காலையில் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்புவது யார்? பிரசவத்துக்கு மாமியாரோ அக்காவோ ஒரு மாதம் வந்து தங்குவது நம் வீடுகளில் சாதாரணம். இதற்கும் அப்படிக் கூப்பிட்டால் என்ன? "உடம்பு சரியில்லை, வைத்தியம் நடக்கிறது" என்றால் போதும், ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

கருவிகள் பெரும்பாலும் பெரிய ஊர்களில்தான் இருக்கின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் உண்டு, பெருநகரத் தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. தென்காசியிலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ வருகிறவருக்கு, சிகிச்சைக் கட்டணத்தோடு ஒரு மாத வாடகையும் ஹோட்டல் சாப்பாடும் சேர்ந்துகொள்ளும். பட்ஜெட் போடும்போது இதை விட்டுவிடாதீர்கள். இந்த அலைச்சலைக் குறைக்கும் வழிகளும் வந்துகொண்டிருக்கின்றன. கனடாவில் 414 பேரிடம் செய்து 2018இல் வெளியான ஆய்வு, மூன்று நிமிடத்தில் முடிகிற முறையும் பழைய 37 நிமிட முறைக்குச் சளைத்ததல்ல என்று காட்டியது. ஸ்டான்ஃபோர்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வீதம் ஐந்தே நாளில் முடிக்கும் முறையை உருவாக்கினார்கள், 2022இல் அதற்கும் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. இவையெல்லாம் பரவினால் நடையாய் நடப்பது குறையும். நீங்கள் போகிற இடத்தில் எந்த முறை என்று கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ்? மனநோய்க்கும் உடல் நோய்க்குப் போலவே காப்பீடு தர வேண்டும் என்கிறது அதே 2017 சட்டம். ஆனால் டி.எம்.எஸ். பெட்டில் படுக்காமல் வந்து போகிற சிகிச்சை. உங்கள் பாலிசி அதற்குப் பணம் கொடுக்குமா என்று ஏஜென்ட்டின் வாய்வார்த்தையை நம்பாமல், கம்பெனியிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

'மாத்திரையே வேண்டாம், 100 சதவீதம் குணம்' என்று எந்த போர்டாவது சொன்னால் அந்த வாசலை மிதிக்காதீர்கள். டி.எம்.எஸ். நடக்கும்போதும் பெரும்பாலோர் மாத்திரையைத் தொடர்கிறார்கள். நிறுத்துவதா குறைப்பதா என்பதைச் சைக்கியாட்ரிஸ்ட் சொல்லட்டும்.

'செத்துப்போகலாம்' என்ற பேச்சு வீட்டில் எழுந்துவிட்டதா? அப்போது இந்த ஆறு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

கடைசியாக ஒன்று. டி.எம்.எஸ். பற்றி டாக்டரிடம் கேட்கப் போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடி எடுத்து, தேதி வாரியாக அடுக்கிக் கொண்டு போங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் சாப்பிட்டார், ஏன் நிறுத்தினார் என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள். குறைந்தது இரண்டு மருந்துகளைப் போதுமான அளவில், போதுமான வாரங்கள் சாப்பிட்டும் தேறாவிட்டால்தான் 'மருந்துக்குக் கட்டுப்படாத டிப்ரெஷன்' என்பார்கள். பத்து நாளில் தூக்கம் வருகிறது என்று நிறுத்திய மாத்திரை இந்தக் கணக்கில் வராது. தைராய்டு டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தால் அதையும் அந்த ஃபைலிலேயே வைத்துவிடுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்கக்கூடும்.

அன்புடன்,
ஆசிரியர்