வரப்புக்கு சிவில் கேசு, பிள்ளைக்கு?

‘கேசு போட்டாச்சு’ என்றால் நம்ம பக்கம் போலீஸ் கேசு என்றுதான் அர்த்தம். கள்ளக்குறிச்சி கோர்ட்டில் சிவில் பக்கம் போய்ப் பாருங்கள். அரை அடி வரப்புக்காக அப்பன் போட்ட வழக்கை மகன் நடத்திக்கொண்டிருப்பான். அந்த வைராக்கியம், சாமியார் கைவைத்த பிள்ளைக்காக ஏன் வருவதில்லை? அவன் உள்ளே போனால் போதும் என்று விட்டுவிடுகிறோம். அவனுக்கு அங்கியும் போர்டிங் சாவியும் கொடுத்த நிறுவனத்தை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை.

ஜோசப் பழனிவேல் ஜெயபால் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். உதகை மறைமாவட்டச் சாமியார். 2004-இல் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துக் குரூக்ஸ்டன் மறைமாவட்டத்துக்குப் பணிக்குப் போனார். இரண்டு சிறுமிகள் விஷயத்தில் அங்கே குற்றச்சாட்டு எழுந்தபோது ஊர் திரும்பியிருந்தார். 2010-இல் செய்தி உலகமெல்லாம் நாறியபோது அவர் உதகை ஆயர் அலுவலகத்தில் பள்ளிக்கூட ஆசிரியர் நியமனக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வேலையே கிடைக்கவில்லை போலும்! 2012-இல் கைது, 2014-இல் அமெரிக்காவிடம் ஒப்படைப்பு. 2015-இல் ஒரு சிறுமியின் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், இன்னொன்று கைவிடப்பட்டது. தண்டனை ஒரு வருசமும் ஒரு நாளும். அதையும் விசாரணைக் காலத்திலேயே கழித்தாகிவிட்டது. திரும்பி வந்தவரின் இடைநீக்கத்தை 2016-இல் உதகை மறைமாவட்டம் ரத்து செய்தது.

போலீஸ் கேசு கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் அவரைக் கைது செய்வதற்கு முன்பே, 2011-இல், பாதிக்கப்பட்ட பெண் ஒருவர் போட்ட சிவில் வழக்கில் குரூக்ஸ்டன் மறைமாவட்டம் 7,50,000 டாலர் கொடுத்து சமரசத்துக்கு வந்தது. ஆளைப் பிடிக்க முடியாதபோதே நிறுவனத்தைப் பிடித்துவிட்டார்கள். 2013-இல் மினசோட்டா சட்டம் திருத்தி, பழைய கொடுமைகளுக்கும் மூன்று வருசம் கதவைத் திறந்துவிட்டது. 2019-இல் அதே குரூக்ஸ்டன் இன்னும் 15 பேருக்கு 50 லட்சம் டாலர் கொடுத்தது. கோப்புகளையும் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. எனக்குப் பணத்தைவிட அந்தக் கோப்புகள்தான் பெரிசு.

இங்கே? போக்சோவில் நிவாரணம் உண்டு. தீர்ப்புக்கு முன்பே இடைக்கால நிவாரணமும் கேட்கலாம், வாங்குங்கள். ஆனால் அது பெரும்பாலும் அரசாங்கப் பணம், நம்ம வரிப்பணம். மறைமாவட்டத்தின் கல்லாவிலிருந்து காசு பெயர வேண்டுமென்றால் நட்டஈட்டு வழக்குதான் வழி. வேலைக்கு வைத்தவன் செய்த தீங்குக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய சட்டம். விடுதிக் காப்பாளன் பிள்ளைகளைச் சீரழித்ததற்கு விடுதி நடத்தியவர்களே பொறுப்பு என்று 2001-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது. ஆனால் வாதத்துக்கு உதவும். ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ நிரூபிக்கும் சுமையும் சிவிலில் இல்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதுதான் கணக்கு.

முட்டுக்கட்டை காலம்தான். 1963-ஆம் வருசத்துக் காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட வழக்குக்கு மூன்று வருசம். சிறுமியென்றால் 18 முடிந்ததிலிருந்து மூன்று, அதாவது 21 வயசு வரைக்கும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து கீழே போர்டிங்குக்கு வந்த பிள்ளை 21-க்குள் வாய்திறந்து, வக்கீல் பிடித்து, ஆயரை எதிர்த்துப் பிராது எழுதிவிடுமாம்! 1976 வரைக்கும் ஜாகீர்தார் முன்னால் கைகட்டி நிற்க வைக்கப்பட்ட சனம் அது.

இன்னொரு அநியாயம். இந்து தலித் பிள்ளைக்கு இது நடந்து, செய்தவன் பட்டியல் சாதிக்கோ பழங்குடிக்கோ வெளியே உள்ளவனென்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். பாலியல் வல்லுறவுக்கு 2016 விதிப்படி ஐந்து லட்சம் நிவாரணம். அதே சேரியில், அடுத்த வீட்டில், கோயிலுக்குப் பதிலாகச் சர்ச்சுக்குப் போகிற பிள்ளைக்கு அது கிடையாது. 1950-ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணை அவளைப் பட்டியலிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. சான்றிதழில் பி.சி., தெருவில் பறச்சி. பழங்குடிக்கு மதம் தடையில்லை என்பதால் மலையாளிப் பிள்ளை மட்டும் தப்பித்தது. சாமியாரின் கைக்கு மிக அருகில் இருப்பவளுக்கே அந்தச் சட்டம் இல்லை.

‘இதைப் பேசினால் இந்துத்துவக்காரன் கையில் ஆயுதம் கொடுத்த மாதிரி’ என்று நம்ம தோழர்களே கிசுகிசுக்கிறார்கள். விராலிமலைப் பக்கம் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவுக்கு 1997-இல் புதுக்கோட்டைக் கோர்ட்டு இரட்டை ஆயுள் கொடுத்ததே, அவன் என்ன பாதிரியா? ஈழத்திலிருந்து வந்த ஆதரவற்ற பிள்ளைகளும் அங்கே சீரழிக்கப்பட்டார்கள். காவிக்கு ஒரு நீதி, வெள்ளை அங்கிக்கு ஒரு நீதி என்று நாம் பேச முடியாது.

பெண்ணுக்கும், பிள்ளைக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரவேண்டும் என்று 1987-ஆம் வருசத்துச் சட்டம் சொல்கிறது. கோர்ட்டுக் கட்டணமும் அதில் அடங்கும். காசில்லை என்று யாரும் திரும்பி வரவேண்டியதில்லை.

ஆகஸ்டு 10 அன்று, அந்த 1950 ஆணையை எதிர்த்து, ஆயர்கள் கறுப்பு நாள் அனுசரிக்கிறார்கள். நியாயமான கோரிக்கை, நாமும் கூடப் போகிறோம். அடுத்த ஆகஸ்டில் அந்த மேடையிலேயே ஒன்று கேட்போம். சிறுவயதில் சீரழிக்கப்பட்டவர்களின் நட்டஈட்டு வழக்குக்குக் காலவரையறையே கூடாது என்ற கோரிக்கையை உங்கள் மனுவில் சேர்த்துக் கையெழுத்துப் போடுவீர்களா, சாமி?