ஆய்வகத்தைத் திறக்காமலே 25-க்கு 25



பாலிடெக்னிக்கில் முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவன் நான். பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கி வந்த பிள்ளைகளிடம் அம்மீட்டரையும் வோல்ட்மீட்டரையும் கொடுத்தால், எதைத் தொடரிணைப்பில் போடுவது, எதைப் பக்க இணைப்பில் போடுவது என்று தெரியாமல் நிற்பார்கள். ஓம் விதியை மட்டும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார்கள். "லேப் கிளாஸே நடக்கல சார், ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினோம்" என்பதுதான் பலரிடமும் கேட்ட பதில். இதில் பிள்ளைகள் மீது ஒரு குற்றமும் இல்லை.

அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. எழுத்தில் 20-உம் செய்முறையில் 15-உம் எடுத்தால் தேர்ச்சி. செய்முறை மதிப்பெண் கையை விட்டுப் போனால் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு சரியும். தலைமையாசிரியர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆய்வகம் ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடந்தாலோ கேட்பார் இல்லை. உதவியாளர் பணியிடம் காலி, பிப்பெட் உடைந்தால் புதிது வாங்க வழியில்லை என்ற நிலையில், தாராளமாக மதிப்பெண் போடும் ஆசிரியரை மட்டும் பழிப்பது அநியாயம்.

2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு ரத்து. மனப்பாடச் சுமை குறையும் என்பதால் வரவேற்கிறேன். ஆனால் அந்தத் தேர்வு 2017-18இல் வந்ததே, பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தியதால்தான். அந்தப் பழக்கம் திரும்பினால் முதலில் காணாமல் போவது ஆய்வக வகுப்பு.

கைவேலைப் பயிற்சி என்றாலே 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பலருக்கு நினைவு வரும். தகப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டிய குலக்கல்வி அது. 1954-இல் காமராஜர் அதைக் கைவிட்டது சரி. நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. வக்கீல் மகளும் கொத்தனார் மகனும் ஒரே மேசையில் நின்று வயர் இணைக்கட்டும், உப்பைப் பகுப்பாய்வு செய்யட்டும். இன்று அந்த வாய்ப்பு வசதியான பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கிறது. அதுதான் என்னை வேதனைப்படுத்துகிறது.

பள்ளிக் கல்வித் துறை ஆய்வக உதவியாளர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் வாரம் இரண்டு பாடவேளை ஆய்வகத்துக்கு என்று கால அட்டவணையில் கட்டாயமாக்கி, ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் ரெக்கார்டு நோட்டைப் புரட்டுவதற்குப் பதில் பிள்ளைகளைச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். செய்முறைத் தேர்வில் எந்தச் சோதனை வரும் என்பது தேர்வறையில்தான் மாணவருக்குத் தெரிய வேண்டும். இந்தக் கடைசி மாற்றத்துக்குச் செலவே கிடையாது. அடுத்த செய்முறைத் தேர்விலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
விருதுநகர்.