வாசலில் அனுமதி கேட்கும் செயலிகள்

பிறர் வீட்டு வாசலில் ஸலாம் கூறி அனுமதி கேட்க வேண்டும். மும்முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிடில் திரும்பிவிட வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த இந்த ஒழுக்கத்தை மதரஸாவில் நாம் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறோம். அதே பிள்ளைகள் வீட்டில் கைபேசியில் புதிய செயலியொன்றைத் திறந்ததும், தோன்றும் கேள்விகள் அனைத்திற்கும் வாசிக்காமலேயே 'அனுமதி' என்பதைத் தொட்டுவிடுகிறார்கள். பெரியவர்களாகிய நாமும் அவ்வாறே செய்கிறோம்.

கேட்கும் முறை முன்பைவிடச் சீர்பட்டே இருக்கிறது. 2015-இல் ஆண்ட்ராய்டு 6.0 வரும்வரை, செயலியை நிறுவும்போதே எல்லா அனுமதிகளையும் மொத்தமாகக் கொடுத்தாக வேண்டும். அதன் பின்னரே கேமரா, மைக், இருப்பிடம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்கும் வழக்கம் அதில் வந்தது. ஆண்ட்ராய்டு 11-இல், ஓர் அனுமதியை இருமுறை மறுத்துவிட்டால் அச்செயலி மீண்டும் அக்கேள்வியை நம் முன் வைக்க இயலாது.

ஆனால், உள்ளே வந்த விருந்தாளி எப்போது வெளியேறுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டுமல்லவா? நாம் மூடிய பிறகும் செயலி பின்னணியில் இயங்கக்கூடும். இருப்பிடத்திற்கு 'எப்போதும்' என்று அனுமதி கொடுத்திருந்தால், நாம் உறங்கும் வேளையிலும் அது நம் இருப்பிடத்தை அறிய முடியும். அந்தத் தகவல் பின்னர் யாரிடம் போகும் என்பது கேள்விப் பெட்டியில் எழுதப்பட்டிருப்பதில்லை.

இது வீண் அச்சமன்று. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் 'முஸ்லிம் புரோ' செயலியிலிருந்து பயனர்களின் இருப்பிடத் தகவல் 'எக்ஸ்-மோட்' என்னும் தரவு நிறுவனத்திற்குச் சென்றதாகவும், அந்நிறுவனத்திடம் தகவல் வாங்கியோரில் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்களும் இருந்ததாகவும் 2020 நவம்பரில் 'மதர்போர்டு' இதழ் செய்தி வெளியிட்டது. அதன் பின்னர் எக்ஸ்-மோட் உடனான தொடர்பை முறித்துக்கொள்வதாகச் செயலி நிறுவனம் அறிவித்தது. கிப்லாவைத் தேடிய எத்தனையோ பேர், தாம் எதற்கு இசைந்தோம் என்பதை அறியாமலேயே இசைந்திருந்தார்கள்.

"மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்பர். தொடர்பு எண்களுக்கு அனுமதி கொடுக்கும்போது, நாம் திறந்துவிடுவது நம் வீட்டை மட்டுமன்று. உறவினர், அண்டை வீட்டார், மாணவர்களின் பெற்றோர் ஆகியோரின் எண்கள் நம்மிடம் உள்ள அமானிதம். அவற்றை அவர்களைக் கேளாமல் கொடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆகவே, எதற்கு எது தேவை என்று சிந்திப்போம். பாங்கு நேரத்தை நினைவூட்ட அறிவிப்பு அனுமதி தேவை. தொழுகை நேரத்தைக் கணிக்கப் பெரும்பாலும் ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இருப்பிடம் அவசியமெனில் 'இந்த முறை மட்டும்' என்று கொடுக்கலாம். இன்றிரவே குடும்பத்தோடு அமர்ந்து, கைபேசி அமைப்புகளில் எந்தச் செயலிக்கு எந்த அனுமதி இருக்கிறது என்று பார்ப்போம், வேண்டாதவற்றை நீக்குவோம். அதற்குக் கால் மணி நேரம் போதும். வாசலில் கேட்கக் கற்றுத்தந்த நாம், வாசலில் நிற்பவர் யாரென்று பார்த்துத் திறக்கவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.