மொட்டை மாடி விமானம்

பொம்மனஹள்ளியில் எங்கள் தெருக்கோடியில் லேத் பட்டறை வைத்திருப்பவர் கிருஷ்ணகிரிக்காரர். மும்பையில் அடுக்குமாடிக் கட்டிடத்தின் மொட்டை மாடியிலேயே விமானம் கட்டிய விமானி அமோல் யாதவைப் பற்றி ஒருநாள் அவரிடம் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. "மாடியிலேருந்து எப்படி சார் இறக்கினாங்க?" என்றார். தொழில் தெரிந்தவரின் கேள்வி. பாகங்களைக் கழற்றி கிரேன் வைத்துத்தான் இறக்கினார்கள்.

அனுமதி இறங்கி வரத்தான் நாளாயிற்று. ஆறு பேர் உட்காரக்கூடிய அந்த விமானம் 2016இல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் நின்றது. பதிவு கிடைத்தது 2017 நவம்பரில்.

வீடு கட்டுகிறோம், கப்பல் கட்டுகிறோம். விமானத்தை மட்டும் 'தயாரிக்கிறோம்'. மொழிபெயர்ப்பாளனுக்கு இது உறுத்தும். கம்பெனிதான் செய்ய முடியும் என்ற நினைப்பு வினைச்சொல்லிலேயே ஏறிவிட்டது.

பெங்களூருக்கு இந்த வேலை புதிதல்ல. வீட்டில் கட்டுவோருக்காக அமெரிக்கர் பர்ட் ரூட்டன் வரைந்த லாங்-ஈஸியை ஒட்டித்தான் இங்குள்ள என்.ஏ.எல். ஆய்வுக்கூடம் 1980களில் ஓர் இலகுரக விமானத்தைச் செய்து பார்த்தது. அச்சே வேண்டாம். சூடான கம்பியால் நுரைக்கட்டியை வெட்டி, கண்ணாடியிழைத் துணியைப் பிசின் தடவி ஒட்டினால் இறக்கை. கேட்கச் சுலபம். பிசின் கலவை பிசகினால் தரையில் தெரியாது, வானத்தில் தெரியும். பெங்களூர் ராஜ் ஹம்ஸா நிறுவனத்தின் எக்ஸ்-ஏர், அலுமினியக் குழாயும் துணியுமாகப் பெட்டிகளில் கடல் கடந்தது. பிரிட்டிஷ்காரர்கள் அதை வீட்டில் வைத்துப் பூட்டிப் பறந்தார்கள்.

காது கேளாத, வாய் பேச முடியாத கேரளத்து சஜி தாமஸ் தானே கட்டிய இரண்டு இருக்கை விமானம் 2014இல் பறந்தது நம் நெல்லைச் சீமையில், மணிமுத்தாறில். ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் ஓட்டினார்.

அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தன் கையால் செய்தவருக்குத் தனிப் பிரிவில் சான்றிதழ் உண்டு. வழக்கமான பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாத விமானம் இது என்று பயணிக்கு எச்சரிக்கைப் பலகையும் உண்டு. நம் அதிகாரிகளின் பயம் அநியாயமானதல்ல. விழுந்தால் அடுத்தவன் ஓட்டின் மேலும் விழும். ஆனால் முடியாது என்பதையாவது சீக்கிரம் சொல்லலாமே.

பட்டறைக்காரர் இதற்குள் ஒரு போல்ட்டின் தலையில் துளை போட்டு, கம்பி கோத்து முறுக்கிவிட்டிருந்தார். "அதிர்வுல கழலாம இருக்க இப்படித்தானே சார் கட்டுவாங்க?"

அப்படித்தான் கட்டுகிறார்கள்.