மீன் கடிக்காத நாளில்தான் போட்டி!

"ஏரியில மீனே இல்லப்பா... இன்னும் நாலு லாரி கெண்டை கொண்டாந்து விடச் சொல்லு!"

இங்கிலாந்தில் ஏரிக்கரையில் நடக்கும் தூண்டில் போட்டி ஒன்று மந்தமாக முடிந்தால், சாயங்காலம் காரில் சாமான் ஏற்றும்போது கேட்கும் புலம்பலைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் இருக்கும். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். ஏரிக்காரரும் பயந்துபோய் அடுத்த மாதமே கெண்டை இறக்குவார். அதோடு அந்த ஏரியில் போட்டி செத்தது. மீன் பிடிப்பது மட்டும் மிஞ்சும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்கிறீர்களா? முதலில் ஆட்டம் என்ன என்று பார்த்துவிடலாம்.

இது ரீல் சுற்றும் தூண்டில் இல்லை. துண்டு துண்டாகச் சொருகி நீட்டும் கார்பன் ஃபைபர் கழி. உலகப் போட்டிகளில் 13 மீட்டர் வரை அனுமதி. உள்ளூர் ஏரிகளில் 16 மீட்டர் கழிகூட உண்டு. நல்ல கழி ஒன்றின் விலை ஆயிரக்கணக்கான பவுண்டுகள். கழியின் நுனித் துண்டுகளுக்குள் ஒரு எலாஸ்டிக் ஓடும், அதன் முனையில் நூல், தக்கை, ஈயக் குண்டு, முள். மீன் இழுத்தால் எலாஸ்டிக் நீண்டு கொடுக்கும். கழியைப் பின்பக்கமாக உருளைகள் மேல் தள்ளி, பின் துண்டுகளைக் கழற்றி, மீனைக் கைவலைக்குக் கொண்டுவர வேண்டும். காலையில் சீட்டு எடுத்து யாருக்கு எந்த இடம் என்று முடிவாகும். விசில் ஊதியதிலிருந்து அடுத்த விசில் வரை, பெரும்பாலும் ஐந்து மணி நேரம், அந்த இடத்தை விட்டு நகர முடியாது. பிடித்த மீன்கள் தண்ணீரில் தொங்கும் நீண்ட வலைப்பையில் உயிரோடு இருக்கும். கடைசியில் எடை போட்டு, திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுவார்கள்.

இப்போது ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ராத்திரி உறைபனி. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து கிடக்கிறது. மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், பசி குறையும், ஓரிடத்தில் ஒண்டிக்கொள்ளும். போதாக்குறைக்குப் பக்கவாட்டில் காற்று. 13 மீட்டர் கழியைக் காற்றில் பிடித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும், அது கழி இல்லை, பாய்மரம்!

விசில் ஊதியதும் புதுசாக வந்தவர் என்ன செய்வார்? இரண்டு கை நிறைய இரையை அள்ளிப் போடுவார். கதை முடிந்தது. பசியில்லாத மீனுக்கு முன்னால் ஒரு மூட்டை சாப்பாடு! போட்டதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. மிச்ச நேரம் முழுக்க அசையாத தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

விவரம் தெரிந்தவர் முந்தின வேலைகளைச் செய்திருப்பார். ஈயத்தைக் கட்டி இறக்கி, அடித்தரை எங்கே சரிகிறது, எங்கே சமமாக இருக்கிறது என்று அளந்திருப்பார். கழி நுனியில் மாட்டிய சின்னக் கிண்ணத்தில் பத்து ஈப்புழுவை மட்டும் 13 மீட்டரில் கவிழ்ப்பார். 5 மீட்டரில் இன்னொரு இடத்தைத் தயார் செய்து தொடாமல் வைப்பார். கடி வரவில்லையா? இன்னும் மெல்லிய நூல், இன்னும் சின்ன முள். ஈயக் குண்டுகளை மேலே நகர்த்துவார், இரை மெதுவாக இறங்கும். அப்படியும் இல்லையா? தக்கையை ஒரு விரல் அளவு தூக்கி இறக்குவார். ரோச் என்கிற சின்ன வெள்ளி மீன் ஒன்று வரும். முப்பது கிராம். சிரிக்காதீர்கள். அப்படி நாற்பது சேர்ந்தால் 1 கிலோ 200 கிராம். பக்கத்து இடத்துக்காரர் 1 கிலோ 150 கிராம் என்றால், நடுவில் இருப்பது இரண்டு மீன்கூட இல்லை. கை விறைத்துப்போய் முள்ளில் புழு மாட்டத் தடுமாறிய அந்த இரண்டு நிமிடம்தான் வெற்றியும் தோல்வியும்.

இதைத்தான் "மோசமான நாள்" என்கிறார்கள்!

இதே ஏரியில் கெண்டையைக் கொட்டி நிரப்பினால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் காசு கட்டி மீன் பிடிக்கும் ஏரிகள் 1980களிலிருந்து பெருகின. 1995இல் பெரும்பாலான ஏரி, குளங்களுக்கு வசந்தகால மீன்பிடித் தடை நீங்கியதும் வருஷம் முழுக்கக் கூட்டம். இன்று அங்கே கோடையில் நூறு கிலோவைத் தாண்டும் வெற்றி எடைகள் சகஜம். ஒரு வலைப்பைக்கு இவ்வளவு எடைதான் என்று விதி போட்டு, ஆளுக்குப் பல வலைப்பை கொண்டுவரச் சொல்லும் நிலை. அங்கே யார் ஜெயிப்பார்? வேகமாக இழுத்துப் போடுகிறவர். அதுவும் ஒரு திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் தார் ரோடு மாதிரி பிட்ச் போட்டு இரண்டு பக்கமும் நானூறு ரன் அடித்தால் பந்துவீச்சாளரின் திறமை எங்கே போகும்? அதே கதைதான் இங்கேயும்.

"கடி இல்லாத நாளில் எல்லாம் அதிர்ஷ்டம்தானே, நல்ல இடம் கிடைத்தவன் ஜெயிப்பான்" என்பது அடுத்த வாதம். சீட்டில் அதிர்ஷ்டம் இருக்கிறது, உண்மை. அதற்குத்தான் கரையைப் பிரிவுகளாக வெட்டுகிறார்கள். உலகப் போட்டியில் அணிக்கு ஐந்து பேர், பிரிவுக்கு ஒருவர். பிரிவில் முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு இரண்டு. குறைந்த புள்ளி எடுத்த அணிக்கே கோப்பை. ஐந்து கிலோ வந்த பிரிவிலும் ஐந்நூறு கிராம் வந்த பிரிவிலும் முதலிடத்தின் மதிப்பு ஒன்றுதான். வறண்ட இடத்தில் மாட்டியவரும் தன் பிரிவோடுதான் மோதுகிறார். எல்லாமே அதிர்ஷ்டம் என்றால் பாப் நட் 1990, 1991, 1994, 1999 என நான்கு முறை தனிநபர் உலக சாம்பியன் ஆனது எப்படி? ஆலன் ஸ்காட்தோர்ன் 1996, 1997, 1998 என வரிசையாக மூன்று, அப்புறம் 2003, 2007 என ஐந்து முறை ஜெயித்தது எப்படி? அதிர்ஷ்ட தேவதைக்கு இவர்கள் சொந்தக்காரர்களா என்ன? :-)

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது. "காசு கட்டி வந்தவர் மீனைப் பார்க்காமல் போனால் அடுத்த வாரம் வருவாரா? ஏரிக்காரர் பிழைக்க வேண்டாமா?" நியாயம். முதல் முறை தூண்டில் பிடிக்கும் சிறுவனுக்குக் கெண்டை ஏரி நல்ல இடம். நாற்காலியில் வரும் முதியவருக்கு அங்கே இருக்கும் வசதி ஆற்றங்கரையில் இல்லை. ஆகவே கெண்டை ஏரிகளை மூட வேண்டியதில்லை. ஆனால் பல ஏரிக்காரர்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட நீர்நிலைகள் இருக்கின்றன. அதில் ஒன்றையாவது ரோச்சும் பிரீமும் பெர்ச்சும் கலந்து இயல்பாக வாழும் ஏரியாக விட்டுவைத்து, குளிர்காலப் போட்டிகளை அங்கே வைக்கலாமே? மீனை அடைத்து வைப்பதும் இலவசம் இல்லை. வெக்கையில் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போது நெரிசலான ஏரிதான் முதலில் அடிவாங்கும். வெளியிலிருந்து ஏற்றி வரும் மீனோடு நோயும் வரும். கெண்டைகளைக் கொல்லும் கே.எச்.வி. வைரஸ் 2000களில் அந்நாட்டு ஏரிகளுக்குள் நுழைந்ததை ஏரிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எல்லாருக்கும் மீன் கிடைக்கிற நாளில், யாருக்கு மீன் பிடிக்கத் தெரியும் என்பது தெரியாமலே போய்விடும். ஐந்து மணி நேரம் உட்கார்ந்து, ஏழு முறை வழியை மாற்றி, கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு ரோச் பிடித்துப் பிரிவில் மூன்றாவதாக வந்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பாடம் நூறு கிலோ கெண்டையில் இல்லை.

எனவே அடுத்த முறை யாராவது "ஏரி சரியில்லை" என்று ஆரம்பித்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதே ஏரியில், அதே குளிரில், அதே காற்றில்... ஜெயித்தவருக்கு மட்டும் ஏரி எப்படிச் சரியாக இருந்தது?