ஒட்டா, கொட்டையா?

திருநீர்மலைப் பக்கத்துப் புது மனைகளில் கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு மாங்கன்று வைக்கும் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. மதிலுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே கிடைப்பது மூன்றடி. அதில் நர்சரி ஒட்டுக்கன்று, பெரும்பாலும் பங்கனப்பள்ளி. மூன்று நான்கு வருடத்தில் காய்த்துவிடும், நட்டவரே சாப்பிடலாம். கொட்டையிலிருந்து வந்த கன்று ஏழெட்டு வருடமாவது இழுத்தடிக்கும். தாய்மரத்தின் ருசி வரும் என்கிற உத்தரவாதமும் கிடையாது. ஆனாலும், தின்ற பழம் பிடித்துப்போய் அந்தக் கொட்டையையே கொல்லையில் புதைத்துவைக்கிற பாட்டிகளின் கட்சி நான். மலையைச் சூழ்ந்த வெள்ளம் வடியட்டும் என்று திருமங்கையாழ்வார் ஆறு மாதம் தங்கியிருந்து பெருமாளைச் சேவித்ததாகச் சொல்லும் ஊர் இது. காத்திருப்பது இங்கே புதுசா என்ன? ஆனால் காத்திருந்து வளர்த்த மரம் நிலைக்குமா? 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னை வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. எனக்கென்னவோ புயலைவிட, பேரன் காலத்தில் வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட வரப்போகும் பில்டரிடம்தான் பயம். பாட்டிகளுக்கும் அது தெரியாததல்ல. தெரிந்தேதான் குழியில் எருவைக் கொட்டி, பேத்தியின் கையால் கொட்டையைப் போடச் சொல்கிறார்கள். கார் நிறுத்த இடம் போச்சே என்று மகன் முனகுவது அவர்கள் காதில் விழுவதே இல்லை.